கழிப்பறைக்கும் கூட வரும் பை: தனியாகப் போகும் பெண்ணுக்கு ஆஸ்ப்ரே ஃபேர்வியூ 40

தனியாகப் பயணம் போகும் பெண்ணுக்கு எத்தனை லிட்டர் பை சரி என்று கேட்டால், கடைக்காரர் நாள் கணக்கைக் கேட்பார். மூன்று நாளுக்கு 30, வாரத்துக்கு 40, அதற்கு மேல் 50, 60. கூட ஆள் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஓடும். தனியாகப் போகிறவளுக்கு அளவுகோல் வேறு: பேருந்து நிலையத்துக் கட்டணக் கழிப்பறைக்குள் அந்தப் பையோடு போய், ஈரத் தரையில் அதை வைக்காமல், குந்தி எழுந்து வர முடியுமா? "கொஞ்சம் பையைப் பாத்துக்கோங்க" என்று சொல்ல அவளுக்கு ஆள் இல்லை. தானாக முன்வந்து பார்த்துக்கொள்கிறேன் என்பவரை நம்பவும் முடியாது. பை பெரிதானால் பெண்கள் என்ன செய்கிறார்கள்? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். ஆறு மணி நேரம் அடக்கிக்கொண்டு போய், நீர்க்கடுப்போடு ஊர் திரும்புகிறார்கள்.

இந்தக் கண்ணோடுதான் ஃபேர்வியூ 40-ஐப் பார்க்க வேண்டும். ஆஸ்ப்ரே 1974-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம். அவர்களுடைய ஃபார்பாயின்ட் என்ற பயணப்பையின் பெண்களுக்கான வடிவம் ஃபேர்வியூ. 40 லிட்டர் கொள்ளளவு, சுமார் 55 செ.மீ. உயரம், 35 அகலம், 23 தடிமன். வெறும் பையின் எடை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. இந்தியாவில் விலை ஐந்து இலக்கம். உலகம் முழுக்க ஒற்றைப் பையோடு சுற்றும் பெண்களிடம் அதிகம் பேர்பெற்ற பை இது. ஆனால் அந்தப் பேர் பெரும்பாலும் ஐரோப்பிய விடுதிகளிலும் தென்கிழக்கு ஆசிய விமானங்களிலும் வாங்கியது. நம் ரயில், நம் பேருந்து, நம் வெயிலுக்கு அது எப்படி என்பது தனிக் கேள்வி.

முதலில் பெண்களுக்கானது என்பதைப் பார்ப்போம். பல கடைகளில் அதற்கு ஊதா நிறம் என்றுதான் பொருள். இங்கே உண்மையாகவே வேறுபாடு இருக்கிறது. பையின் தோள்பட்டைகள் ஒடுக்கமாக, உள்பக்கம் வளைந்து மார்பின் ஓரமாக இறங்குகின்றன. ஆண்களுக்கான நேர்ப்பட்டை போல அக்குளில் அறுக்காது. மார்புப் பட்டையை மேலும் கீழும் நகர்த்தலாம். அதை மார்பின் மேல் எலும்புக்கு நேராக, கழுத்துக்கு நான்கு விரல் கீழே வைத்தால் மூச்சை அழுத்தாது. இடுப்புப் பட்டை அகன்ற இடுப்புக்கு ஏற்றபடி சாய்ந்திருக்கிறது. 2022-இல் வந்த திருத்திய வடிவத்தில் முதுகு நீளத்தையும் ஏற்றி இறக்கலாம். ஐந்தடிப் பெண்ணுக்கு இதுதான் காசுக்குரிய அம்சம்.

எப்படி என்றால், பையின் சுமை தோளில் நிற்கக் கூடாது, இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். தலையைக் குனிந்தால் பின்கழுத்தில் ஒரு எலும்பு துருத்தும். அங்கிருந்து, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றினால் கட்டைவிரல்கள் சந்திக்கும் கோடு வரை தையல் டேப்பால் அளந்தால் வருவதுதான் முதுகு நீளம். உயரத்தை வைத்து இதை ஊகிக்க முடியாது. ஒரே உயரமுள்ள இருவருக்கு இரண்டங்குலம் வேறுபடலாம். முதுகு நீளம் 40 செ.மீ. உள்ளவள் 48 செ.மீ.க்குத் தைத்த பையை மாட்டினால் இடுப்புப் பட்டை தொடையின் மேல்பக்கம் வந்து நிற்கும், மொத்தப் பாரமும் தோளில் தொங்கும். பை சரியில்லை என்று சொல்லப்படும் பல குறைகளுக்கு அளவு தப்பியதுதான் காரணம்.

கடையில் வெறும் பையை மாட்டிக் கண்ணாடி பார்த்துப் பயனில்லை. ஆறு கிலோ உள்ளே போட்டுத் தரச் சொல்லுங்கள், அல்லது இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் மூன்று போடுங்கள். எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிட்டு மாட்டுங்கள். முதலில் இடுப்புப் பட்டை: அதன் நடுப்பகுதி இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்கார வேண்டும், தொப்புளுக்கு மேலே போனால் வயிற்றை நெரிக்கும். அதை இறுக்கிய பிறகுதான் தோள்பட்டை, கடைசியில் மார்புப் பட்டை. தோள்பட்டைக்கும் தோளுக்கும் நடுவே ஒரு விரல் சிரமமில்லாமல் நுழைந்தால் அளவு சரி. பத்து நிமிடம் கடைக்குள் நடந்து, ஒரு மாடிப்படி ஏறி இறங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள்.

ஒரு சங்கடத்தை வெளிநாட்டு விமர்சனங்கள் சொல்லாது. இடுப்புப் பட்டை குர்த்தாவோடு ஒத்துப்போகும், துணி சற்றுச் சுருண்டு மேலேறுவதோடு சரி. புடவையோடு ஒத்துப்போகாது. கொசுவத்தை அழுத்தி இழுத்து, நூறடி நடப்பதற்குள் அவிழ்த்துவிடும். பக்கவாட்டில் பிளவுள்ள குர்த்தாவானால் முன்மடலைப் பட்டைக்கு வெளியே எடுத்துவிட்டுக்கொண்டால் போதும்.

பை சூட்கேஸ் போல மூன்று பக்கமும் ஜிப் திறந்து படுக்கையாக விரியும். தனியாகப் போகிறவளுக்கு இது பெரிய வசதி. மேலிருந்து மட்டும் திறக்கும் மலையேற்றப் பையில் அடியிலிருக்கும் உள்ளாடையை எடுக்க, எட்டுப் பேர் தங்கும் விடுதியறையில் எல்லாவற்றையும் கட்டிலில் கொட்ட வேண்டும். இங்கே மூடியை ஒரு சாண் திறந்து கையை விட்டால் வேண்டியது வரும். மடிக்கணினிக்கு முதுகையொட்டித் தனி அறை, தனி ஜிப். முதுகுப்பக்கம் ஒரு மடல் இருக்கிறது. பட்டைகளையெல்லாம் உள்ளே மடக்கி அந்த மடலை ஜிப் போட்டு மூடினால் கைப்பெட்டி ஆகிவிடும். பேருந்தின் அடிப்பெட்டியில் போடும்போது இதைச் செய்யாவிட்டால் தொங்கும் பட்டை கிரீஸில் புரளும், அல்லது பக்கத்துப் பெட்டியில் மாட்டிக் கிழியும்.

முதன்மை ஜிப்பின் இரண்டு இழுப்பான்களிலும் பூட்டு நுழைய ஓட்டை உண்டு. இது சின்ன விஷயம் போலத் தெரியும். ரயில் நிலையத்து கிளோக் ரூமில் பூட்டாத பையை வாங்க மாட்டார்கள், பயணச்சீட்டும் கேட்பார்கள். காலை ஆறு மணிக்கு மதுரையில் இறங்கி இரவு ரயிலுக்கு முன் ஊர் சுற்ற நினைப்பவள், நாடாவால் இழுத்துக் கட்டும் வாய் உள்ள பையோடு போனால் பகல் முழுக்க அதைச் சுமக்க வேண்டியதுதான். ஆனால் பூட்டை அதிகம் நம்பவும் வேண்டாம். பல் ஜிப்பின் நடுவே பால்பாயின்ட் பேனா முனையைக் குத்தினால் பிளந்துவிடும், பூட்டிய இழுப்பானை ஒருதரம் ஓட்டினால் பழையபடி மூடிக்கொள்ளும். திறந்ததே தெரியாது. எல்லாத் துணிப்பைக்கும் உள்ள பலவீனம் இது. பணமும் அடையாள அட்டையும் பையில் இருக்கவே கூடாது. நம் பாட்டிகள் இடுப்பில் செருகிய சுருக்குப்பையை இன்று மணி பெல்ட் என்று விற்கிறார்கள். பழையதே பரவாயில்லை: உடம்போடு ஒட்டியிருக்கும், குர்த்தாவுக்கு மேல் புடைத்துக் காட்டாது.

இப்போது கழிப்பறைச் சோதனை. கதவில் கொக்கி இருந்தால் ஃபேர்வியூ தேறிவிடும். மேலேயும் பக்கத்திலேயும் உள்ள கைப்பிடிகள் தடித்த துணியில் தைத்தவை, ஏழு கிலோவைத் தாங்கும். பல இடங்களில் கொக்கி உடைந்திருக்கும் என்பதால் ஒரு கேரபினர் வளையமும் (அழுத்தினால் திறக்கும் உலோகக் கொக்கி) இரும்பு எஸ் கொக்கியும் வைத்திருந்தால் தாழ்ப்பாளிலோ குழாயிலோ ஜன்னல் கம்பியிலோ மாட்டலாம். தொங்கவிடும் முன் கையால் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், பிளாஸ்டிக் குழாய் வேண்டவே வேண்டாம். மாட்ட இடமே இல்லாவிட்டால் பையை முன்பக்கம் மார்பில் மாட்டிக்கொள்வது நல்ல வழி. குந்தும்போது முன்பாரம் பின்னால் சாய விடாது. இங்கேதான் 55 செ.மீ. உயரம் இடிக்கிறது. பட்டைகளை எவ்வளவு இறுக்கினாலும் பையின் அடி தொடையில் முட்டும். 45 செ.மீ. உயரமுள்ள 30 லிட்டர் பைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆகவே கொக்கியோடு தேர்ச்சி, கொக்கி இல்லாமல் தோல்வி.

ரயிலில் இருக்கைக்கு அடியில் சங்கிலி போட வளையம் இருக்கும், கைப்பிடி வழியாகச் சங்கிலி விட்டுப் பூட்டிவிட்டால் கழிப்பறைக்கு வெறுங்கையோடு போகலாம். தோள்பட்டையில் சங்கிலி போடாதீர்கள், கொக்கியைக் கழற்றினால் பட்டை தனியே வந்துவிடும். மேல் படுக்கை கிடைத்தால் தலைமாட்டில் சுவரோரம் வையுங்கள். ஏழு கிலோவைத் தலைக்கு மேல் தூக்கி ஏற்ற முடியுமா என்பதை வீட்டிலேயே அலமாரி மேல்தட்டில் பார்த்துவிடலாம். முடியாத எடையை எடுத்துக்கொண்டு போனால் ஒவ்வொரு ரயிலிலும் யாரிடமாவது உதவி கேட்க வேண்டும். உதவியவர் பிறகு இரவெல்லாம் பேசிக்கொண்டே வருவார்.

மழையில் இந்தப் பை சுமார்தான். மழையுறை கூட வருவதில்லை, தனியாக வாங்க வேண்டும். வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் கட்சி. உறை முதுகுப்பக்கத்தை மூடாது, காற்றில் கழன்று பறக்கும், பையைத் திறக்கும்போதெல்லாம் கழற்ற வேண்டும். அதற்குப் பதில் பெரிய குப்பைப் பை ஒன்றை உள்ளே விரித்து அதற்குள் துணிகளை அடுக்கி வாயை முறுக்கி மடித்துவிட்டால் ஜூலை மாதத்து வயநாட்டுக்கும் தாங்கும். செலவு பத்து ரூபாய்க்குள்.

விமானத்தில் எப்படி? உள்நாட்டில் இண்டிகோ விமானத்துக்குள் கையோடு கொண்டுபோகும் பைக்கு 7 கிலோ, 55-35-25 செ.மீ. என்று வரம்பு வைத்திருக்கிறது. அளவு பொருந்தும், முன்பக்கச் சிறு அறையைப் புடைக்க அடைக்காத வரை. திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போகும் ஏர்ஏசியாவில் தோள்பையும் சேர்த்து 7 கிலோ. சிங்கப்பூருக்கு ஸ்கூட் 10 கிலோ தருகிறது. ஒன்றரைக் கிலோ பை ஏழு கிலோவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தின்றுவிடுகிறது என்பதை மறக்கக் கூடாது. இந்தப் பையின் மேல் உள்ள பெரிய குறை இதுதான். 40 லிட்டர் இடமிருக்கிறதே என்று நிரப்பினால் பத்து கிலோவைத் தொடும். இடம் மிச்சமிருந்தாலும் நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவளுக்குத்தான் இது ஏற்றது.

நிறுத்த வேண்டிய இடம் எது என்று சமையலறைத் தராசில் வைத்துப் பார்க்கலாம். பருத்திக் குர்த்தா மூன்று, கால்சட்டை இரண்டு, பெரிய துப்பட்டா ஒன்று, இரவு உடை, உள்ளாடைகள், மெல்லிய சால்வை, இவ்வளவும் 2.1 கிலோ. செருப்பு 300 கிராம், மழைச்சட்டை 300. குளியல் சாமானும் மருந்தும் 650. மாதவிடாய்ச் சாமான் 100. பவர் பேங்க், சார்ஜர், வயர்கள் 450. காகிதங்கள் 100, துண்டு 180, பூட்டும் மெல்லிய சங்கிலியும் 300, துணி உறைகள் 150, காலிப் பாட்டில் 150. கூட்டினால் 4.8 கிலோ. பையோடு சேர்த்து 6.3. மிச்சம் 700 கிராம், அது திரும்பும்போது வாங்கி வரும் அல்வாவுக்கு. ஜீன்ஸும் ஷூவும் உடம்பில் வர வேண்டும், பையில் அல்ல. ஜீன்ஸ் மட்டும் 600 கிராமுக்கு மேல் போகும். மடிக்கணினி சேர்ந்தால் அதுவே 1.3 கிலோ, கணக்கு உடைந்துவிடும். அப்போது சால்வை, மழைச்சட்டை, ஒரு குர்த்தா மூன்றையும் மாட்டிக்கொண்டு எடை பார்க்கும் வரிசையில் நிற்பதைத் தவிர வழியில்லை. பலர் அப்படித்தான் நிற்கிறார்கள்.

மூன்று குர்த்தா போதுமா என்றால், தினமும் துவைத்தால் போதும். அதற்குத் துணி தெரிந்து எடுக்க வேண்டும். மெல்லிய பருத்தியும் ரேயான் கலப்பும் இரவு மின்விசிறிக்கு அடியில் காய்ந்துவிடும், கனத்த கைத்தறியும் உள்துணி தைத்த குர்த்தாவும் காயாது. துவைத்ததைப் பிழிந்து, உலர்ந்த துண்டில் நீளமாகச் சுருட்டி, சுருளின் மேல் முழங்காலை ஊன்றி முறுக்கினால் பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். பிறகு உதறிப் போட்டால் காலையில் உடுத்தலாம். பஞ்சு வைத்த பிரா இரண்டு இரவானாலும் காயாது, பஞ்சில்லாதது இரண்டு எடுங்கள். விடுதிகளில் உள்ளாடையை வெளிக்கொடியில் போடக் கூசுகிறவர்கள் மேலே துப்பட்டா போடுகிறார்கள். காற்றுப் படாமல் அது மறுநாளும் ஈரமாகவே இருக்கும். கட்டிலின் உள்பக்கக் கம்பியில் மின்விசிறி பார்க்கப் போடுவது மேல். அதற்கு ஐந்தாறு ஊக்கும் இரண்டு மீட்டர் நாடாவும் இருந்தால் ஆயிற்று. ஊக்குக்கு வேறு வேலையும் உண்டு: அறுந்த செருப்புவார், கழன்ற ஜிப், துப்பட்டா.

துண்டு விஷயத்தில் பயணக்கடைகள் விற்கும் மைக்ரோஃபைபரை விடக் கேரளத்து ஈரிழைத் தோர்த்து மேல். மைக்ரோஃபைபர் சீக்கிரம் காயும், ஆனால் இரண்டு நாள் ஈரத்தோடு மடித்தால் நாறும், தோலில் ஒட்டி இழுக்கும். தோர்த்து தலைமுடியைக் கட்டும், வெயிலுக்கு முக்காடாகும், தலையணைக்கு மேல் விரிக்கலாம். பூத்துவாலை அரைக் கிலோ. அதைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை.

மாதவிடாய்ப் பொருளில் எடையைவிட இடம்தான் சிக்கல். மடித்து உள்ளே வைத்து ரத்தத்தைப் பிடிக்கும் சிலிகோன் கப் இதற்கு விடை. 2022-இல் நாப்கின் இல்லாத ஊராட்சியாக அறிவிக்கப்பட்ட கேரளத்தின் கும்பளங்கியில் பெண்களுக்குக் கொடுத்தது இந்தக் கப்பைத்தான். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும் என்பதால் காலையில் அறையில், இரவு அறையில் என்று வைத்துக்கொண்டால் ஓடும் ரயில் கழிப்பறையில் கழற்ற வேண்டி வராது. ஆனால் பயணத்தில் முதல்முறை முயலாதீர்கள். மடிப்பு உள்ளே சரியாக விரிகிறதா என்பது கைக்குப் பழக இரண்டு மூன்று மாதம் ஆகும். விரியாவிட்டால் ஒழுகும். கழற்றும்போது காம்பைப் பிடித்து இழுக்காமல், அடிப்பகுதியை அழுத்திக் காற்றை உள்ளே விட்டபின் எடுக்க வேண்டும். கொதிநீரில் ஐந்து நிமிடம் போடும் வேலையைப் புறப்படும் முன் வீட்டிலும், திரும்பியபின் வீட்டிலும் முடித்துக்கொள்ளுங்கள், நடுவில் குடிநீரால் கழுவினால் போதும். கருப்பையில் காப்பர் டி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே பயன்படுத்த வேண்டும். கப் இருந்தாலும் நான்கு நாப்கின் எடுங்கள். அலைச்சலில் தேதி தள்ளிப்போகும், முந்தியும் வரும்.

தேங்காய் எண்ணெய் இல்லாமல் கிளம்பாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். குறுகிய வாய்ப் பாட்டிலில் ஊட்டியில் எடுக்க வராது, சென்னையில் உருகி ஒழுகும். அகல வாய்ச் சிமிழில் 50 மி.லி. ஊற்றி, மூடிக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் ஒன்று வைத்துத் திருகுங்கள். வெளிநாடு போகும் விமானத்தில் திரவம் ஒவ்வொன்றும் 100 மி.லி.க்குள், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் ஒளிபுகும் பைக்குள். ஷாம்பு, முகம் கழுவும் திரவம் எல்லாவற்றுக்கும் கட்டிச் சோப்பு போதும், அது இந்தக் கணக்கில் வராது. பவர் பேங்க் கையோடு மட்டுமே போகலாம், 20,000 மில்லியாம்ப்-மணி (mAh) என்றால் 74 வாட் மணி, 100 என்ற வரம்புக்குள்தான். மிளகு ஸ்பிரே விமானத்தில் கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. ஃபேர்வியூவின் மார்புப் பட்டைக் கொக்கியிலேயே ஒரு விசில் இருக்கிறது. வாய்க்கு எட்டும் தூரத்தில் இருப்பதால் தேடித் துழாவ வேண்டாம். வாங்கிய அன்றே ஒருமுறை ஊதிப் பார்த்துவிடுங்கள், பலருக்கு அது விசில் என்பதே தெரியாது.

யார் வாங்கலாம்? வருடத்தில் இரண்டு முறையாவது பத்து நாளுக்கு மேல், பல ஊர்களுக்கு, விமானமும் ரயிலும் மாறி மாறிப் போகிறவர்கள். முதுகு நீளம் குறைந்தவர்கள். மடிக்கணினியோடு வேலை பார்த்துக்கொண்டே சுற்றுகிறவர்கள். வார இறுதியில் பாண்டிச்சேரிக்கும் ஏற்காட்டுக்கும் போய்வர இது தேவையில்லை. இடுப்புப் பட்டை உள்ள 30 லிட்டர் பை ஏதாவது, ஒரு கிலோவுக்குக் குறைவாக, மூன்றில் ஒரு பங்கு விலையில் கிடைக்கும். கழிப்பறைச் சோதனையிலும் அதுவே ஜெயிக்கும். இடுப்புப் பட்டையே இல்லாத கல்லூரிப் பை ஐந்து கிலோ வரை பரவாயில்லை, அதற்கு மேல் கழுத்து பேசும். சக்கரப் பெட்டி வெறுமனே இரண்டரைக் கிலோ, நடைமேம்பாலத்தில் எப்படியும் கையில்தான் தூக்க வேண்டும், நிலையத்துத் தரையில் உருண்ட சக்கரத்தை அறைக்குள்ளும் கொண்டுவர வேண்டும். ஆனால் தண்டுவட வட்டு நழுவியவர்களுக்கு எந்த முதுகுப்பையும் வேண்டாம். சக்கரப் பெட்டியை எடுத்துக்கொண்டு, தூக்கக் கூலிக்குப் பணம் ஒதுக்கிவிடுங்கள்.